கோப்பையும் பீரிஸும் என் வலது கையும்

அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மாப்பிள்ளைப் பெடியனின் தகப்பன், தாய், தாயின் தமையன். அந்தத் தமையனை எல்லோரும் பெரிய மாமா என்றார்கள். அவர்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு வந்த கலியாணப் புறோக்கர். எங்கள் பக்கத்தில் நான், என் மனைவி, மகள், பக்கத்து வீட்டு அக்கா. பெடியனுக்குக் கிளிநொச்சியில் வேலை. லீவு கிடைக்காததால் வரவில்லை. அக்காவைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லைத்தான். ஆனால் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க நாங்கள் இரவல் வாங்கிய கோப்பைகள் அவருடையவை. கோப்பைகள் எங்கே போகின்றனவோ அங்கே அவரும் வருவார்.

ஒன்பதாவது ஆளாக என் வலது கையையும் சேர்க்கலாம். அன்று அது எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சோதனைக்குப் பயந்துதான் விட்டேன். சோதனை இல்லாவிட்டால் பயமும் இல்லை என்று அப்போது நினைத்தேன். பிறகு பார்த்தால், சோதனை ஒன்றுக்குத்தான் பயப்படாமல் இருந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தேன். மழை வந்தால் வெங்காயம் அழுகிவிடும் என்று பயம், வராவிட்டால் கிணறு வற்றிவிடும் என்று பயம். உடுவிலில் ஆறு பரப்புத் தோட்டத்தை வைத்துக்கொண்டு அறுபத்தாறு வயது வரை இப்படியே வந்துவிட்டேன்.

கை நடுக்கத்தை முதலில் கண்டதும் தோட்டத்தில்தான். வெங்காயத்துக்கு மருந்தடிக்கும் பம்பை முதுகில் மாட்டுவதற்கு முன் மூடியில் மருந்தை அளந்து ஊற்ற வேண்டும். ஒரு நாள் மூடிக்குள் போனதைவிட என் காலில் கொட்டியது கூட. அன்றே வீட்டுக்கு வந்து கையை நீட்டிப் பார்த்தேன். விரல்கள், காற்றில் மெதுவாக ஆடும் இலை மாதிரி ஆடின. இரவு முழுக்க நித்திரை இல்லை.

காரணம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா நரம்புத் தளர்ச்சி என்றார். சந்திக் கடைக்காரர் உடம்பில் சத்து இல்லை என்றார். மனைவி தேத்தண்ணி என்றாள். அவள் எல்லா வருத்தத்துக்கும் நான் குடிக்கிற தேத்தண்ணியைத்தான் சொல்லுவாள். கால் சுளுக்கியபோதும் அதைத்தான் சொன்னாள். மகளிடம் போனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல எனக்கும் பொறுமையாக வாசித்தாள். வயது, பரம்பரை, கழுத்தில் உள்ள சுரப்பி, சில மருந்துகள், தேத்தண்ணி கோப்பி, மனப் பதற்றம், குடி. கடைசியில் ஒரு பெரிய நரம்பு வருத்தத்தின் பெயரும் இருந்தது.

அந்தக் கடைசிப் பெயரை நான் எடுத்துக்கொண்டேன். அந்த வருத்தம் வந்த ஒருவரை மானிப்பாயில் எனக்குத் தெரியும். அவருடைய நடை சுருங்கிப் போயிற்று, முகத்தில் சிரிப்பு இல்லை. அன்றிலிருந்து விறாந்தைத் தரையின் கல்லுகளை எண்ணி எண்ணி நடந்தேன், அடி சுருங்குகிறதா என்று. ஒரு நாள் மனைவியிடம் கேட்டேன்:

"என்ரை முகத்திலை இப்ப சிரிப்புக் குறைஞ்சு போச்சோ?"

"கலியாணப் படத்திலையே நீங்கள் சிரிக்கேல்லை. குறையிறதுக்கு முதல்லை இருக்கவேணும் எல்லோ?"

அந்த நேரத்தில்தான் மகளுக்கு இந்தச் சம்பந்தம் வந்தது. அவளுக்கு முப்பத்தொன்று. இதற்கு முன் ஐந்தாறு வந்து போயின. சாதகம், சீதனம் என்று ஏதோ ஒன்றில் சிக்கி நின்றுவிட்டன. இது பொருந்தியது. அதைவிடப் பெரிய விஷயம், பெடியனோடு போனில் கதைத்துவிட்டு வந்து அவள் குசினியில் பாட்டு முணுமுணுத்தாள். முப்பத்தொரு வருசத்தில் அவள் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தரம். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வந்து பார்ப்பதாகப் புறோக்கர் சொன்னபோது, அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு இது பிடிச்சிருக்கு. உங்கடை கையை மட்டும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு வாங்கோ."

அவள் எதைப் பற்றி யோசித்தாள் என்று எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தகப்பனை விசாரிப்பார்கள். ஆண் ஒருவனுடைய கை நடுங்கினால் காரணம் ஒன்றுதான் என்று விசாரிக்கிறவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். சாராயம். என் வாயில் சாராயம் ஒரு சொட்டுப் பட்டதில்லை. அதற்கும் பயம்தான் காரணம்.

மானிப்பாயில் பின்னேரங்களில் வருத்தக்காரரைப் பார்க்கும் ஒரு டொக்டரிடம் போனேன். சின்னப் பெடியன், நல்ல பொறுமை. என்ன தொழில் என்று கேட்டார். வெங்காயத் தோட்டம் என்றேன். தோட்டத்துக்கு என்னென்ன மருந்து, கையுறை போடுவதா, கை கழுவுவதா என்றெல்லாம் கேட்டார். வேறு வருத்தம் உண்டா என்றார். முட்டு இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுக்கும் என்றேன். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்:

"பம்ப் எத்தினை தரம் அடிக்கிறனீங்கள்?"

"கிழமைக்கு ஒருக்கா டொக்டர். மழையெண்டால் அதுவும் இல்லை."

"மழைக்குக் குறைவோ? நல்லது. தேத்தண்ணி?"

"ரெண்டு, மூண்டு."

தேத்தண்ணி விஷயத்தில் பொய் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். பம்ப் விஷயத்தில் நான் சொன்னது சத்தியம். அதுதான் பெரிய பிழையாகப் போயிற்று. டொக்டர் இரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்து, முடிவு வந்த பிறகு வரச் சொன்னார். முடிவு திங்கட்கிழமை வரும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதோ அதற்கு முதல் நாள்.

ஆகவே மனைவி ஒரு திட்டம் போட்டாள்.

"கையைச் சால்வைக்குள்ளை வைச்சுக்கொண்டு இருங்கோ. தேத்தண்ணி எடுக்காதையுங்கோ. விரதம் எண்டு சொல்லுங்கோ."

"ஞாயிற்றுக்கிழமையிலை என்ன விரதம்?"

"அவை கேட்டால் நான் சொல்லுறன்."

ஞாயிறு காலமையே எனக்குப் பதற்றத்தில் நெஞ்சு இறுகியது. முட்டுக்கு வைத்திருக்கும் நீலப் பம்பை எடுத்து வாயில் இரண்டு தரம் அடித்தேன். நெஞ்சு கொஞ்சம் இளகியது, கை கொஞ்சம் கூடுதலாக நடுங்கியது. அதைக் கண்டு மறுபடி பயம், மறுபடி நெஞ்சு இறுக்கம், மறுபடி பம்ப். இடையில் பயத்தைத் தணிக்க நாலு தேத்தண்ணி. அவர்கள் வந்த வான் ஒழுங்கைக்குள் திரும்பும்போது என் கையால் சால்வையும் சேர்ந்து ஆடியது.

முதல் அரை மணித்தியாலம் நன்றாகப் போனது. புறோக்கர்தான் கதைத்தார். பெடியனின் தகப்பனும் தாயும் நல்ல மாதிரி. பெரிய மாமா மட்டும் கதிரையில் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு இருந்தார். எழுபது தாண்டியவர், பால் வெள்ளை வேட்டி. மகள் தட்டத்தோடு வந்தாள். பெரிய மாமா தலையை ஆட்டினார்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நான் வெளியிலை ஒண்டும் எடுக்கிறேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுத் தண்ணீர் கூட அவருக்கு ஆகாதாக்கும். அடுத்ததாகத் தட்டம் என்னிடம் வந்தது.

"நான் விரதம்," என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலை என்ன விரதம்?" என்று பெடியனின் தாய் கேட்டார். கேட்டதில் சூது ஒன்றும் இல்லை, அறியத்தான் கேட்டார்.

மனைவியைப் பார்த்தேன். பதில் சொல்லுவேன் என்றவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெடியனின் தகப்பன் சிரித்தார். "அண்ணையும் எடுக்கேல்லை, நீங்களும் எடுக்கேல்லை எண்டால் நாங்கள் எப்பிடிக் குடிக்கிறது? எடுங்கோ, எடுங்கோ."

எடுத்தேன்.

கோப்பை, அடித்தட்டான பீரிஸின் மேல் கிணுகிணு என்றது. சின்ன மணிச் சத்தம். எல்லோரும் கதையை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது. உதவிக்கு இடது கையைக் கொண்டுவந்தேன். அதுவும் வலது கையோடு சேர்ந்து தாளம் போட்டது. தேத்தண்ணி பீரிஸில் நிரம்பியது. அக்காவின் கண் கோப்பையை விட்டு அசையவில்லை. பிறகு கோப்பை தனியாகப் போனது. பெரிய மாமாவின் வேட்டியில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்து, பிடிக்கிற காது உடைந்தது.

"ஐயோ, ஆறிலை ஒண்டு!" என்றார் அக்கா.

பெரிய மாமாவுக்குச் சுட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் துவாய் எடுக்க உள்ளே ஓடினேன். ஓடிய இடத்தில், நெஞ்சு இறுகியதால், பம்பை இரண்டு தரம் அடித்துக்கொண்டு வந்தேன். நான் நீட்டிய துவாய், ரயிலுக்குக் காட்டுகிற கொடி மாதிரி ஆடியது. பெரிய மாமா அதை வாங்கவும் கையை வெளியே எடுக்கவில்லை. தங்கச்சியைக் கொண்டு துடைப்பித்தார்.

"எப்பவும் உப்பிடியோ, இல்லாட்டிக் காலமையிலை மட்டுமோ?" என்று பெடியனின் தகப்பன் மெல்லக் கேட்டார்.

மனைவிக்கு என்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரம். "அது ஒண்டுமில்லை. இவருக்குக் காலமை எழும்பின உடனை ரெண்டு உள்ளை போகவேணும். நானும் முப்பத்தைஞ்சு வருசமாய்க் குறையுங்கோ எண்டு கத்துறன், கேக்கிறேல்லை. ஒண்டும் கலக்கமாட்டார். கடுப்பாய் அப்பிடியே எடுப்பார். அதுதான் கை உப்பிடி."

அவள் சொன்னது சாயத் தேத்தண்ணியை. கலக்காதது பாலை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் செருப்பைப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் புறோக்கர் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டே சொன்னார்.

"அண்ணை, அவை யோசிக்கினம். சந்திக் கடையிலையும் விசாரிச்சிருக்கினம். காலமை ஆறு மணிக்கே வந்து நிண்டு ரெண்டு அடிப்பார் எண்டு கடைக்காரன் சொல்லிப்போட்டான்."

"அவன்ரை கடையிலை தேத்தண்ணியைத் தவிர வேறை என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியும் அண்ணை. அவைக்குத் தெரியாதே."

அன்றைக்குக் குசினியில் பாட்டு இல்லை. மகள் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பின்னேரம் மேசையில் என் எதிரே இருந்து, என் வலது கையைப் பிடித்து மேசையில் வைத்துவிட்டு, தன் கையை எடுத்தாள்.

"பாருங்கோ அப்பா. சும்மா வைச்சிருக்கேக்கை நடுங்கேல்லை. ஒண்டைத் தூக்கினால்தான் நடுங்குது. டொக்டரிட்டை உதையும் சொல்லுங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது பெரிய புத்தி. சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு டொக்டர், சீனி வருத்தம் இல்லை, சுரப்பியிலும் குறை இல்லை என்றார். தாளைப் பிரட்டி, "முட்டுக்குப் பம்ப் கிழமைக்கு ஒருக்காத்தானே எண்டனீங்கள்," என்றார்.

"கிழமைக்கோ?" என்றாள் மனைவி. "மணித்தியாலத்துக்கு எண்டு எழுதுங்கோ." கைப்பையிலிருந்து நீலப் பம்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கிழமைக்கு ஒருக்கா எண்டது வெங்காயத்துக்கு," என்றேன் நான்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியதில்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

பிறகு திரும்பி, விளக்கமாகச் சொன்னார். அந்த நீலப் பம்பின் மருந்து மூச்சுக் குழாயைத் திறக்கும், ஆனால் அளவுக்கு மிஞ்சினால் கையை நடுங்க வைக்கும், நெஞ்சையும் படபடக்க வைக்கும். கடும் சாயத் தேத்தண்ணி அதைக் கூட்டும். பயம் இரண்டையும் கூட்டும். நான் நடுக்கத்துக்குப் பயந்து பம்ப் அடிக்க, பம்ப் அடித்ததால் நடுங்க, நடுங்குவதால் பயப்பட, செக்கைச் சுற்றின மாடு மாதிரிச் சுற்றியிருக்கிறேன். மகள் கவனித்ததையும் சொன்னேன். அவர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், பேனையால் தாளில் சுருள் ஒன்று கீறச் சொன்னார். நான் பயந்த அந்தப் பெரிய வருத்தத்தில் கை சும்மா இருக்கும்போதுதான் கூடுதலாக நடுங்குவது வழக்கம் என்றார். எனக்கு அதன் அறிகுறி ஒன்றையும் காணவில்லை என்றும், மாற்றம் ஏதும் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார்.

"குடும்பத்திலை வேறை ஆருக்கும் நடுக்கம் இருந்ததோ?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது என் தகப்பனின் ஞாபகம் வந்தது. அவருக்கு எப்போதும் அரைக் கோப்பைதான் ஊற்ற வேண்டும். மிஞ்சி ஊற்றினால் ஏசுவார். சிக்கனம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். செத்த வீட்டில்கூட அவருடைய சிக்கனத்தைப் பற்றிக் கதைத்தோம். அவர் முழுக் கோப்பையை எங்கள் முன்னால் ஒரு நாளும் தூக்கியதில்லை.

"கொஞ்சம் குடிச்சால் நடுக்கம் குறையிறதோ?" என்று டொக்டர் கேட்டார்.

மனைவி எழும்பிவிட்டாள். "டொக்டர், நீங்களுமோ!"

"இருங்கோ அம்மா. பரம்பரையாய் வாற நடுக்கம் சிலருக்குக் குடிச்சால் கொஞ்சம் குறையும். அதை அறியத்தான் கேட்டனான். மருந்தாய்க் குடிக்கச் சொல்லேல்லை."

முட்டு வராமல் தடுக்க ஒழுங்காக எடுக்க வேண்டிய இன்னொரு பம்ப் தந்தார். நீலத்தை மூச்சு இழுத்தால் மட்டும் எடுக்கச் சொன்னார். இழுப்பு அடிக்கடி வந்தால் தானாகக் கூட்டாமல் தன்னிடம் வரச் சொன்னார். தேத்தண்ணியை இரண்டாகக் குறைக்கச் சொன்னார். கவலையைப் பற்றிக் கேட்டேன். அதை எத்தனையாகக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை.

மூன்று கிழமையில் நடுக்கம் பாதிக்குமேல் குறைந்தது. குறைந்து என்ன? மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேச்சு மூச்சில்லை. மனைவி நேர்த்தி வைத்துவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் தொண்டைமானாற்றுக்கு, சந்நிதி முருகனிடம் போனோம். கும்பிட்டுவிட்டு அன்னதானத்துக்குப் பந்தியில் இருந்தேன். பக்கத்து இலையில் ஒருவர் வந்து இருந்தார். பெரிய மாமா.

இரண்டு பேரும் முன்னால் இருந்த சோற்றையே பார்த்தோம். எழும்பிப் போகவும் முடியாது, சாமி வீட்டுச் சாப்பாடு. பெரிய மாமா இலைக்கு மேல் நன்றாகக் குனிந்து, முதுகால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். பருக்கைகள் சில வாய்க்குப் போகாமல் திரும்பி இலைக்கே வந்தன. பிறகு தண்ணீர்ப் பேணியைத் தூக்கினார். தண்ணீரில் பாதி வேட்டியில் கொட்டியது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"என்ன பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை அண்ணை." பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "எத்தினை வருசம்?"

"பத்து. டொக்டர் பரம்பரை எண்டுறார். வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது. சவரமே கடையிலைதான்." பேணியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே வைத்தார். "உமக்கு உண்மையிலை குடியோ?"

"எனக்கு முட்டுப் பம்ப் அண்ணை. பம்பும் சாயத் தேத்தண்ணியும். மிச்சம் தகப்பன் தந்தது."

"அண்டைக்கு உங்கடை வீட்டிலை நான் தேத்தண்ணி எடுக்கேல்லை. ஏன் எண்டு நினைச்சனீர்?"

"எங்களை மதிக்கேல்லை எண்டு."

"எடுத்திருந்தால் ரெண்டு கோப்பை உடைஞ்சிருக்கும், விசரா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. "அப்ப நீங்கள் அவைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? கை நடுங்கிறவன் எல்லாம் குடிகாரன் இல்லையெண்டு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சொன்னால் உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம். பேந்து என்ரை கையைப் பாப்பினம். பயந்துபோனன், தம்பி."

பயம் என்று அவர் சொன்னதும் என் கோபம் போய்விட்டது. அந்தப் பாடத்தில் நான் அவரைவிடக் கூடப் படித்தவன்.

அந்த ஞாயிறு, தங்கச்சி வீட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் பெரிய மாமா ஒரு கோப்பைத் தேத்தண்ணியைத் தூக்கினாராம். கிணுகிணுவென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டதாம். "நான் குடிகாரனோ?" என்று ஒரு கேள்விதான் கேட்டாராம். திங்கட்கிழமை புறோக்கர் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டும் போட்டுவிட்டு உள்ளே வந்தார். அன்றிரவு குசினியில் பாட்டுக் கேட்டது. நான் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்து முழுவதையும் கேட்டேன்.

நிச்சயதார்த்தத்தில் எனக்கும் பெரிய மாமாவுக்கும் மட்டும் சில்வர் பேணியில், அரைப் பேணி தேத்தண்ணி கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்து சிந்தாமல் குடித்தோம். கலியாணமும் நடந்தது. தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில், அதுவரை வராத பயமெல்லாம் எனக்கு வந்தது. தாலியைத் தொட்டுக் கொடுத்தது ஐயர், அது என் வேலையே இல்லை என்று மனைவி பிறகு நினைவுபடுத்தினாள்.

மிச்சம் இருப்பது அக்காவின் கோப்பை. லண்டனில் இருக்கும் அவருடைய மகள் கொண்டுவந்து கொடுத்த செட். உடைந்த ஒன்றுக்குக் காசு தருகிறேன் என்றேன்.

"ஒண்டுக்கோ? ஆறு இருந்தால் செட். அஞ்சு இருந்தால் அது வெறும் சாமான்," என்றார் அக்கா. முழுச் செட்டுக்குப் பதினெண்ணாயிரம் ரூபாய் சொன்னார். மிச்சம் ஐந்தையும் எங்களுக்கே தந்துவிட்டார். வெங்காயம் விற்க விற்கத் தருவதாகச் சொல்லி முதலில் ஐயாயிரம், பிறகு நாலாயிரம் கொடுத்தேன். போன கிழமை இரண்டாயிரத்து ஐந்நூறு கொண்டுபோய் எண்ணிக் கொடுத்தேன். எண்ணும்போது தாள்கள் என் விரலில் கொஞ்சம் படபடத்தன.

அக்கா என் கையைப் பார்த்தார். "குடுக்க மனமில்லாட்டிச் சொல்லன் தம்பி, ஏன் உப்பிடி நடுங்குறாய்?"

பம்ப், தேத்தண்ணி, தகப்பன் என்று விளக்கிப் பார்த்தேன். நம்பவில்லை. இன்னும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்க இருக்கிறது.